பல்லுக்கும் இராக்காவல் வேண்டும்

(வேளாங்கண்ணியில் நடந்த பல் பாதுகாப்பு முகாமின் தொடக்கத்தில், நம் மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவினர் தாய்மார்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆற்றிய உரை. முகாமுக்கு பிரஷ்களும் பற்பசையும் வாங்கித் தந்த அன்பர்கள் வாசித்து மகிழும்பொருட்டு இங்கே வெளியிடுகிறோம்.)



பேச்சைத் தொடங்கும் முன் உங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க விரும்புகிறோம். இன்று காலையில் பல் துலக்காமல் இங்கே வந்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை, சிரிப்புத்தான் கேட்கிறது. நல்லது. நேற்று இரவு சாப்பிட்டு முடித்து, படுக்கப் போகும் முன் பல் துலக்கியவர்கள் கையைத் தூக்குங்கள். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. அதோ, ஒரு பாப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கிய கையை இறக்கிக்கொள்கிறாள். நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில் இதுதான். இன்று நாங்கள் பேச வந்திருப்பதும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான்.

காலையில் வாய் சுத்தம் செய்வதில் நம் மக்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பல் விளக்காமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறக்காத பாட்டிமார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பற்றிய பழமொழி தெரியாத பிள்ளை இந்தக் கூட்டத்தில் இருக்காது. பக்கத்து நாகூரில் தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சியால் பல் தேய்க்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். இவ்வளவும் இருந்தும் முப்பத்தைந்து வயதில் கடைவாய்ப் பற்களை இழந்து, நாற்பத்தைந்தில் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிறவர்கள் எங்களிடம் வந்துகொண்டேயிருக்கிறார்கள். காரணம் சோம்பல் அல்ல. காவல் வைக்கும் நேரம்தான் தவறாக இருக்கிறது.

இந்தக் கடைமடைப் பகுதியில் நெல்லின் அருமையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊர்களையும் தாண்டிக் கடைசியாக வந்து சேரும் இடம் இது. அறுத்த நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிற விவசாயி உண்டா? இன்றைக்கும் நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வாசலில் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறார்கள். பகல் முழுவதும் காவல் இருந்துவிட்டு இருட்டியதும் எழுந்து போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியும். பல் விஷயத்தில் மட்டும் நாம் அப்படித்தான் எழுந்து போய்விடுகிறோம்.

எப்படி என்று கேட்பீர்கள். நம் எல்லோருடைய வாயிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. அவை பல்லின்மேல் வழவழப்பான ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். ஒரு பிசுபிசுப்பு தெரியும். அதுதான் அந்தப் படலம். நாம் சாப்பிடும் சர்க்கரையும் மாவுப் பொருளும் அந்தக் கிருமிகளுக்கும் உணவு. அதைத் தின்று அவை புளிப்பான அமிலத்தை வெளியிடுகின்றன. நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல், எலும்பைவிடக் கடினமானது. அப்படிப்பட்ட எனாமலையும் அந்த அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. தோலில் காயம் பட்டால் ஆறிவிடும், எலும்பு முறிந்தால் கூடிவிடும். எனாமலில் ஓட்டை விழுந்தால் அது திரும்ப வளராது.

பகலில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. அதுதான் உமிழ்நீர். நாம் பேசும்போதும் மெல்லும்போதும் சுரந்து, அமிலத்தைக் கழுவி, கரைந்த சுண்ணாம்புச் சத்தைக்கூட ஓரளவு பல்லுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆண்டவன் வைத்த காவல்காரன் என்றே சொல்லலாம். ஆனால் நாம் தூங்கும்போது அந்தக் காவல்காரனும் தூங்கிவிடுகிறான்; உமிழ்நீர் சுரப்பது பெரும்பாலும் நின்றுபோகிறது. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட சோறும், அதற்குமேல் தின்ற வாழைப்பழமும், பிள்ளை குடித்த சர்க்கரை போட்ட பாலும் விடியும்வரை பல்லிடுக்கில் கிடக்கின்றன. ஏழெட்டு மணி நேரம் கிருமிகளுக்கு விருந்து நடந்து முடிந்த பிறகு, காலை ஆறு மணிக்கு நாம் பிரஷை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

வாயில் கிருமிகள் இருக்கின்றன என்பதை முதன்முதலில் கண்ணால் கண்டு எழுதியவர் ஒரு மருத்துவர் அல்ல, துணி வியாபாரி. ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லேவன்ஹூக் என்பவர் தாமே கண்ணாடி தேய்த்து நுண்ணோக்கி செய்தார். 1683-ஆம் ஆண்டு தம் பல்லிடுக்கிலிருந்து வெள்ளையான அழுக்கைச் சுரண்டி எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள சின்னஞ்சிறு பிராணிகள் துள்ளி ஓடுவதைக் கண்டு வியந்து லண்டன் ராயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டில் நம் நாகப்பட்டினத்தில் பறந்ததும் அவருடைய நாட்டுக் கொடிதான் என்பது ஒரு வேடிக்கை. எங்கள் பேச்சுக்கு வேண்டிய செய்தி வேறு. லேவன்ஹூக் பல் சுத்தத்தில் மிகவும் கவனமானவர். தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பது தம் வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படித் தேய்த்த பல்லில்தான் அவ்வளவு கிருமிகளையும் கண்டார். வேதாரண்யம் உப்பளத்து உப்பால் காலையில் பல் விளக்கிய நம் தாத்தாவின் வாயில் பார்த்திருந்தாலும் அவர் அதையேதான் கண்டிருப்பார்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சொத்தைப் பல்லுக்குள் புழு இருக்கிறது என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு வாயில் புகை பிடித்தால் புழு விழும் என்பார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாக ஏதோ மிதக்கவும் செய்யும். அது சூட்டில் வெடித்த விதையின் துணுக்கு. பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-லேயே, நுண்ணோக்கியில் பார்த்தும் சொத்தைப் பல்லில் புழு எதையும் காணவில்லை என்று எழுதிவிட்டார். கிருமிகள் விடும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890-இல் விளக்கியவர் பெர்லின் நகரில் பணிபுரிந்த மில்லர். புகை பிடிப்பதால் வலி சற்று மரத்துப்போகலாம். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும்.

இனிப்பைப் பற்றிப் பேசாமல் பல்லைப் பற்றிப் பேச முடியாது. வேளாங்கண்ணியில் நின்றுகொண்டு அதைப் பேசுவது சற்றுச் சங்கடம்தான். ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேறி செப்டம்பர் 8-ஆம் தேதி திருவிழா முடியும்வரை இந்த ஊரில் எத்தனை மிட்டாய்க் கடைகள், பேரீச்சம்பழக் கடைகள், அல்வாக் கடைகள்! கடை வைத்திருக்கும் அன்பர்கள் எங்கள்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். இனிப்பே சாப்பிடக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட, எத்தனை தடவை சாப்பிடுகிறோம், எவ்வளவு நேரம் அது பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம். சுவீடன் நாட்டில் விப்பெஹோல்ம் என்னும் மருத்துவமனையில் 1945 முதல் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆராய்ச்சியில் இது தெரியவந்தது. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புத் தின்றவர்களுக்குச் சொத்தை குறைவாகவும், சாப்பாட்டுக்கு இடையிடையே ஒட்டும் மிட்டாயைத் தின்றவர்களுக்கு மிக அதிகமாகவும் விழுந்தது. மூளை வளர்ச்சி குறைந்த, மறுத்துப் பேசத் தெரியாத நோயாளிகளைக் கொண்டு நடத்திய அந்த ஆராய்ச்சி நியாயமற்றது. அந்த எளியவர்களின் பற்கள் கெட்டுத்தான் உலகத்துக்கு இந்தப் பாடம் கிடைத்தது என்பதை எண்ணினால் மனம் வருந்துகிறது. அந்தப் பாடத்தையாவது நாம் வீணாக்காமல் இருக்கலாம். மிட்டாய் வேண்டுமா, மதியச் சாப்பாட்டோடு ஒரே தடவையாகக் கொடுத்துவிடுங்கள். பொட்டலத்தைப் பிள்ளையின் சட்டைப்பையில் போட்டு அனுப்பாதீர்கள்.

இப்போது தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி. 'பால் பல்தானே, விழத்தானே போகிறது' என்ற பேச்சை நாங்கள் தினந்தோறும் கேட்கிறோம். இருபது பால் பற்களும் ஒரே நாளில் விழுவதில்லை. முன்பல் ஆறேழு வயதில் விழும். கடைவாயில் இருக்கும் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். அவை பிள்ளை மென்று சாப்பிடுவதற்கு மட்டுமல்ல, கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதற்கும்தான். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. துண்டு போனால் இடமும் போகும். பக்கத்துப் பல் சாய்ந்து வந்து உட்கார்ந்துவிடும். பிற்பாடு பல் கோணலாக முளைத்துவிட்டது என்று வருந்திப் பயனில்லை. பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளையைத் தூங்க விடாதீர்கள். அழுகிறதே என்று ரப்பர் சூப்பானைத் தேனிலோ சர்க்கரையிலோ தோய்த்துக் கொடுக்காதீர்கள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்துபோய் வருகிற இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

இன்னொரு செய்தி, இதை மட்டுமாவது மறக்காமல் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஆறு வயது ஆகும்போது, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், கடைசியில், பக்கத்துக்கு ஒன்றாக மேலும் கீழும் நான்கு பெரிய பற்கள் முளைக்கின்றன. எந்தப் பல்லும் விழாமல், யாருக்கும் சொல்லாமல், ஓசைப்படாமல் முளைப்பதால் அவற்றையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அவை நிரந்தரப் பற்கள். எழுபது வயதுவரை சோறு மெல்ல வேண்டியவை. ஆழமான பள்ளங்களும் வெடிப்புகளும் உள்ள பற்கள் ஆதலால் எளிதில் சொத்தை விழும். பதினோரு வயதில் அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியிருக்கிறது என்று நாங்கள் சொல்லும்போது, 'பரவாயில்லை, திரும்ப முளைக்கும்' என்று தகப்பனார் ஆறுதல் சொல்கிறார். முளைக்காது என்று சொல்லும் பொறுப்பு எங்களுக்கு வந்துவிடுகிறது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஆறு வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் வாய் திறக்கச் சொல்லி, கடைசியில் அந்தப் பல் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சொத்தை என்பது வெறும் வலியோடு போகிற காரியமும் அல்ல. இந்தக் கடற்கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல்லில் பல மாதமாக வலி. கிராம்பு வைத்தார்கள், கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், ஒரு நாள் வலி நின்றுவிட்டது. நின்றதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். பல்லின் உயிர் செத்துப்போனதால் நின்ற வலி அது. உள்ளே சீழ் வேலை செய்துகொண்டே இருந்து, தாடைக்குக் கீழே கழுத்துவரை வீங்கி, நாக்கு மேலே தள்ளி, அவனுக்கு மூச்சுவிடவே சிரமமாகிவிட்டது. உடனே சீழை வெளியேற்றி, நரம்பு வழியாக மருந்து செலுத்தி, இரண்டு இரவுகள் விழித்திருந்து பார்த்துக்கொண்டதில் கடவுள் அருளால் பிழைத்தான். ஒரு பல்லில் தொடங்கியது. ஆகையால் தாடை வீங்கிக் காய்ச்சலும் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமற்போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வலிக்கிற இடத்தில் மாத்திரையை நசுக்கி ஈறில் அடக்கி வைப்பதும் கூடாது. அது ஈறைப் புண்ணாக்கிவிடும்.

எதை வைத்துத் துலக்குவது? நெல் விளையும் ஊரில் உமிக்கரிக்குப் பஞ்சமில்லை. அடுப்புச் சாம்பல், செங்கல் பொடி, கரி எல்லாம் நாம் கண்டவைதான். உமிக்கரியால் தேய்த்தால் பல் பளிச்சென்று ஆவது உண்மை. பாத்திரம் பளிச்சென்று ஆவது எப்படியோ அப்படித்தான். உமியில் மணலுக்கு இனமான பொருள் நிறைய இருக்கிறது. அது அழுக்கோடு எனாமலையும் சேர்த்து அராவி எடுத்துவிடும். பல ஆண்டுகள் உமிக்கரி போட்டுத் தேய்த்த பெரியவர்களின் பல்லில், ஈறை ஒட்டி அரிவாளால் கொத்தியதுபோல் பள்ளம் இருப்பதையும், மோர் குடித்தாலே கூச்சம் எடுப்பதையும் பார்க்கிறோம். வேப்பங்குச்சியை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். நுனியை நன்றாக மென்று பஞ்சுபோல் ஆக்கி, ஈறைக் கிழிக்காமல் எல்லாப் பற்களிலும் பக்குவமாகத் தேய்த்தால் நல்லதே. ஆனால் முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டுக் குச்சியை எறிந்துவிடுகிறோமே! கடைவாய்க்கு யார் போவது?

எங்கள் சிபாரிசு, மென்மையான பிரஷும், ஃபுளூரைடு உள்ள பற்பசையும். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் ஃபுளூரைடு என்று அச்சிட்டிருக்கிறதா என்று படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சத்து எனாமலை உறுதிப்படுத்தி, அமிலத்தைத் தாங்கும்படி செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளூரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. அதிகமானால் கெடுதி என்று சிலர் கேட்டிருப்பீர்கள். அதுவும் உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதியாக இருப்பதால் பற்கள் பழுப்பேறிப் போவதைப் பார்க்கலாம். அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே அளவு முக்கியம். அளவுக்குச் சாமான் தேட வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பாம்பு மாதிரி நெளித்து வைப்பது கம்பெனிக்குத்தான் லாபம். துலக்கியபின் நுரையைத் துப்பிவிடுங்கள், விழுங்க விடாதீர்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கவும் வேண்டாம். கொஞ்சம் மருந்து பல்லில் தங்கட்டும்.

துலக்கும் விதத்தை எங்கள் சகோதரிகள் மாதிரிப் பல் வைத்துக் காட்டுவார்கள் என்பதால் விரித்துச் சொல்லவில்லை. பிரஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து, மெதுவாகச் சிறு வட்டங்களாக, உள்பக்கம், வெளிப்பக்கம், மெல்லும் பக்கம் என்று இரண்டு நிமிடம். பலம் வேண்டாம், பொறுமை போதும். ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குப் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். தானாகச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத கைக்குத் தானாகப் பல் துலக்கவும் தெரியாது. குழந்தையை மடியில் படுக்க வைத்து, தலைப்பக்கம் உட்கார்ந்து துலக்கினால் எளிது. பிரஷ் ஆளுக்கு ஒன்று. ஒரே பிரஷை வீடு முழுவதும் பயன்படுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் அன்பர்கள் வீட்டுக்கு ஒன்றாக அல்ல, ஆளுக்கு ஒன்றாக வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவர்களின் பற்கள் போவதற்கு ஈறு நோயும் ஒரு பெரிய காரணம். பழைய பல்பொடி விளம்பரங்களில் 'பயோரியா' என்று படித்திருப்பீர்களே, அதுதான். துலக்காமல் விட்ட படலம் இறுகிக் காரையாகிவிடுகிறது. ஈறு வீங்கி, துலக்கும்போது இரத்தம் வருகிறது. இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நோய் இன்னும் வளர்கிறது. உண்மையில் அங்கேதான் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்கு அடங்காது. கர்ப்பிணிப் பெண்களுக்கு ஈறு சற்று வீங்குவது இயல்பு, ஆனால் 'ஒரு பிள்ளைக்கு ஒரு பல்' போவது விதியல்ல. காரையை எடுத்தால் பல் ஆடும் என்பார்கள். ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவே. மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்பதற்கும் ஆதாரமே இல்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அந்தப் பயத்தாலேயே சீழ் பிடித்த பல்லோடு ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, நடவுக்குப் போகும் தாய்மார்களிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். குனிந்த முதுகு நிமிராமல் சேற்றில் நாள் முழுவதும் நிற்கும் உங்களுக்கு, வெற்றிலை பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும்தான் துணை என்பதை நாங்கள் அறிவோம். பசி தெரியாது, அலுப்புத் தெரியாது என்கிறீர்கள். உண்மைதான்; புகையிலை அவற்றை மறைக்கிறது. அருகிலுள்ள வேதாரண்யம் உப்புக்கு மட்டுமல்ல, மெல்லும் புகையிலைக்கும் பெயர் பெற்ற ஊர். அதைப் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களைப் பழிப்பது எங்கள் நோக்கம் அல்ல. ஆனால் புகையிலையை அடக்கிக்கொள்ளும் கன்னத்தில்தான் புண் வருகிறது, அந்தப் புண்தான் புற்றுநோயாகிறது. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்' என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. குட்காவையும் பான் மசாலாவையும் தமிழக அரசு 2013-இல் தடை செய்தது. ஆனாலும் பொட்டலங்கள் எங்கே கிடைக்கும் என்று நம் வாலிபர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

இதிலும் இரவுதான் பெரிய ஆபத்து. புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிவிடுகிறவர்கள் பலர். பகலில் துப்பிவிடுகிறீர்கள், இரவில் அது மணிக்கணக்காக ஒரே இடத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. விட்டுவிடுங்கள் என்று சொல்வது எங்களுக்கு எளிது, உங்களுக்கு எளிதல்ல என்று தெரியும். இன்றைக்கே முழுவதும் விட முடியாவிட்டாலும், முதலில் அந்த இரவுப் புகையிலையை விடுங்கள். வாயைக் கொப்பளித்து, பல் துலக்கிவிட்டுப் படுங்கள். துலக்கிய வாயில் மறுபடி புகையிலை வைக்க மனம் வருவதில்லை என்று எங்களிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். வெட்கப்பட வேண்டாம். உங்கள் நடு மூன்று விரல்களையும் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிமிர்த்தி, வாயை நன்றாகத் திறந்து மேல் பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். மூன்று விரலும் நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது, காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் தோல் இறுகி நார்போல் தட்டுப்படுகிறது என்றால், அது பாக்கு மெல்லுவதால் வரும் நோயின் அறிகுறியாக இருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் 1952-இல் முதன்முதலாக இதைக் கண்டு எழுதினார்கள். இன்று பாக்குப் பொட்டலம் போடும் வாலிபப் பிள்ளைகளிடமே பார்க்கிறோம். அதேபோல, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இவை எதுவானாலும் வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் அது வலிப்பதே இல்லை. தொடக்கத்தில் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்க வழி உண்டு.

இன்று எங்களால் செய்து முடிக்க முடியாத சிகிச்சைகளுக்குச் சீட்டு எழுதித் தருகிறோம். ஒரத்தூரில் 2022-இல் தொடங்கிய நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1980 முதல் நடந்துவரும் பல் மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசின் கையில் இருக்கிறது. பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவினர் பிள்ளைகளின் பல்லையும் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். பிள்ளைகள் வேப்பமரத்தடி மேசைக்கு வரிசையாக வாருங்கள். முதலில் உங்கள் பல்லில் சிவப்புச் சாயம் தடவுவோம். துலக்காமல் விட்ட இடம் எல்லாம் சிவந்து தெரியும். கண்ணாடியில் பார்த்துவிட்டு, பிரஷ் வாங்கிக்கொண்டு, அந்தச் சிவப்புப் போகும்வரை சகோதரிகள் முன்னால் துலக்கிக் காட்ட வேண்டும். பிரஷின் பிடியில் பெயர் எழுதித் தருவார்கள். மூன்று விரல் நுழையாதவர்களும், வாயில் திட்டோ புண்ணோ இருக்கிறவர்களும் வரிசையில் நிற்க வேண்டாம். நேரே உள்ளே வந்து திண்ணையில் உட்காருங்கள், உங்களைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். இப்போது வாயில் வெற்றிலை இருக்கிறவர்கள் அதோ அந்தக் குழாயடியில் துப்பி, நன்றாகக் கொப்பளித்துவிட்டு வாருங்கள்.